முறத்தில் தங்கும் கல்

2020 பிப்ரவரி 5ஆம் தேதி உலகப் புரதத் தரவு வங்கியில் ஒரு கோப்பு வெளியானது. அதன் அடையாளம் 6எல்யு7. கோப்பைத் திறந்தால் பக்கம் பக்கமாக எண்கள். இது கார்பன் அணு, இது நிற்கும் இடம் இங்கே. அடுத்தது நைட்ரஜன், அது நிற்கும் இடம் அங்கே. ஷாங்காய்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு புரதத்தைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி, புலப்பட்ட ஒவ்வோர் அணுவுக்கும் இடம் குறித்து அனுப்பியிருந்தார்கள். புதிய கொரோனா வைரஸின் நொதி அது.

அந்த வைரஸின் மரபணு வரிசையே ஜனவரி 11ஆம் தேதிதான் பொதுவெளிக்கு வந்தது. மொத்தம் 29,903 எழுத்துகள். அதற்கு 25ஆம் நாள் நொதியின் வடிவமும் வந்துவிட்டது. காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இணையம் இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். சில வாரங்களில் ஊரடங்கு வந்தது. பல ஆய்வகங்களைப் பூட்டினார்கள். கணினிகளுக்குப் பூட்டு விழவில்லை. பல நாடுகளில் ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தபடியே அந்தக் கோப்பைத் திறந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மருந்துக்கடையில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளில் ஏதாவது ஒன்று இந்த நொதியை முடக்குமா?

நொதி என்ன செய்கிறது என்று பார்த்தால் அந்தக் கேள்வியின் நியாயம் விளங்கும். கொரோனா வைரஸ் நம் செல்லுக்குள் நுழைந்ததும், தன் பெருக்கத்துக்கு வேண்டிய புரதங்களைத் தனித்தனியாகச் செய்யவைப்பதில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களைக் கோத்து ஒரே நீளச் சரமாகச் செய்யவைக்கிறது. பூக்கட்டுகிறவர் ஒரே நாரில் கட்டிக்கொண்டே போய், பிறகு முழம் போட்டு நறுக்கிக் கொடுப்பார் அல்லவா, அப்படித்தான். நறுக்கினால்தான் 16 புரதங்களும் பிரிந்து வேலையைத் தொடங்கும். நறுக்கும் கத்தரிகள் இரண்டு. அவற்றில் பெரிய வேலைக்காரன் இந்த நொதி. முதன்மைப் புரோட்டியேஸ் என்று பெயர். 11 இடங்களில் இது வெட்டுகிறது.

கத்தரியின் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதும் அந்தக் கோப்பிலேயே தெரியும். நொதியில் 306 அமினோ அமிலங்கள். மடிந்து நிற்கும் அதன் மேல்புறத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் 41ஆம் இடத்து ஹிஸ்டிடினும் 145ஆம் இடத்து சிஸ்டீனும் எதிரெதிரே நிற்கின்றன. சிஸ்டீனின் நுனியில் இருக்கும் கந்தக அணுதான் சரத்தைத் தாக்கி அறுக்கிறது. அதுவும் கண்ட இடத்தில் அறுக்காது. குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை அடையாளம் பார்த்து, அதற்கு அடுத்த முடிச்சில் அறுக்கும். இதே அடையாளம் பார்த்து வெட்டும் நொதி மனித உடலில் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இந்தப் பள்ளத்தை அடைக்கும் மருந்து நம் சொந்த நொதிகளைத் தொடாமல் விடும் வாய்ப்பு அதிகம். 2003இல் பரவிய சார்ஸ் வைரஸின் நொதியோடு ஒப்பிட்டால் 306இல் 12 இடங்கள்தான் வேறு. பதினேழு ஆண்டுகளாகத் தெரிந்த இலக்கு, புதிய பெயரில் திரும்பி வந்திருந்தது.

பழைய மருந்தை ஏன் தேட வேண்டும்? புதிய மருந்து ஒன்று ஆய்வகத்திலிருந்து கடைக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது வழக்கம். ஏற்கெனவே அனுமதி பெற்ற மருந்தானால் மனித உடல் எவ்வளவு தாங்கும், என்ன பக்கவிளைவு என்பதெல்லாம் தெரிந்திருக்கும், ஆலைகளும் ஓடிக்கொண்டிருக்கும். நெஞ்சுவலிக்காகச் சோதித்த சில்டெனாஃபில் வேறு வேலைக்குப் போனதையும், கருவில் இருந்த பிள்ளைகளைச் சிதைத்த தாலிடோமைடு பின்னாளில் தொழுநோயின் கடும் எதிர்வினைக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கும் மருந்தானதையும் மருத்துவ உலகம் கண்டிருக்கிறது. அவை பெரும்பாலும் நோயாளிகளிடம் எதிர்பாராமல் கண்ணில் பட்டவை. 2020இல் செய்ய நினைத்தது வேறு: கண்ணில் படும்வரை காத்திராமல் கணக்குப் போட்டுத் தேடுவது.

கணக்கு நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 6எல்யு7 கோப்பில் நொதியின் பள்ளத்துக்குள் ஆய்வாளர்கள் வைத்த என்3 என்ற மூலக்கூறு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அதைக் கணினியில் எடுத்துவிட வேண்டும். இப்போது பள்ளம் காலி. எக்ஸ் கதிருக்கு ஹைட்ரஜன் அணுக்கள் சரியாகத் தெரியாது. அவற்றை நாம் சேர்க்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றி ஒரு கற்பனைப் பெட்டி வரைந்து, இந்தப் பெட்டிக்குள் மட்டும் தேடு என்று சொல்ல வேண்டும். பிறகு மருந்து மூலக்கூறு ஒன்றை உள்ளே விட்டால், நிரல் அதைத் திருப்பும், புரட்டும், அதன் கைகால்களை மடக்கி நீட்டும். ஒவ்வொரு நிலையிலும் எந்த அணு எதை ஈர்க்கிறது, எது எதோடு முட்டுகிறது என்று கணக்கிட்டு மதிப்பெண் போடும். கப்பலைத் துறையில் அணைத்துக் கட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் டாக்கிங் என்பதுதான் இதற்கும் பெயர். சாதாரண மடிக்கணினியில் ஒரு மூலக்கூறுக்குச் சில நிமிடம் போதும்.

ஆனால் கோப்பில் இருக்கும் நொதி, எடுத்து வைத்த நிழற்படம். உடலுக்குள் இருக்கும் நொதி ஓயாமல் ஆடுகிறது, பள்ளம் விரிந்து சுருங்குகிறது, சுற்றிலும் தண்ணீர் மூலக்கூறுகள் மொய்க்கின்றன. அந்த ஆட்டத்தையும் கணக்கில் சேர்ப்பதுதான் மூலக்கூறு இயக்க சிமுலேஷன். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கூட்டி, நியூட்டனின் விதிப்படி அது எங்கே நகரும் என்று கண்டு, ஒரு துளி நகர்த்தி, மறுபடியும் விசையைக் கூட்ட வேண்டும். ஓர் அடிக்குச் சுமார் 2 ஃபெம்டோ நொடி. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தை நடத்திப் பார்க்க 50 கோடி அடிகள். 1977இல் முதன்முதலாக ஒரு புரதத்தை இப்படி ஆட்டிப் பார்த்தபோது, 58 அமினோ அமிலங்களே கொண்ட அந்தச் சிறு புரதத்துக்குக் கிடைத்தது 9.2 பிகோ நொடி. அந்தப் பணியில் பங்கேற்ற மார்ட்டின் கார்ப்ளஸுக்கு, மைக்கேல் லெவிட், ஏரியே வார்ஷெல் ஆகியோரோடு 2013இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சென்னைக்கு உரிய ஒரு செய்தியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடியலாம், எந்தக் கோணத்தில் மடிந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டும் என்று வரைபடம் போட்டுக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் அவரோடு உழைத்த சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும். ஆண்டு 1963. இன்று தரவு வங்கிக்கு வரும் ஒவ்வொரு புரத வடிவமும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சோதிக்கப்படுகிறது. கொரோனா நொதியும் அந்தச் சோதனையைத் தாண்டித்தான் உலகத்தின் கணினிகளுக்குப் போனது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

2020இன் தொடக்கத்தில் இந்தக் கணக்கில் இறங்கிய இயந்திரங்களின் அளவு பிரமிக்க வைப்பது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் இருந்த சம்மிட் சூப்பர் கம்ப்யூட்டரில் மைக்கோலஸ் ஸ்மித், ஜெரமி ஸ்மித் இருவரும் 8,000க்கு மேற்பட்ட சேர்மங்களை ஓட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இலக்கு கத்தரி நொதியன்று; வைரஸின் கூர்முனைப் புரதம் நம் செல்லின் ஏசிஇ-2 புரதத்தைப் பற்றும் இடம். வடிகட்டி நின்றவை 77. ஜப்பானின் கோபே நகரில் ஃபுகாகு சூப்பர் கம்ப்யூட்டரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் யசுஷி ஒக்குனோ குழுவினர் 2,128 மருந்துகளை முதன்மைப் புரோட்டியேஸோடு பொருத்திப் பார்த்தார்கள். நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் நிக்லோசமைடு அவர்கள் பட்டியலில் மேலே வந்தது.

என்னை அதிகம் நெகிழவைத்தது ஃபோல்டிங் அட் ஹோம் திட்டம். சொந்தக் கணினி சும்மா இருக்கும் நேரத்தை அறிவியலுக்குக் கொடுங்கள் என்று கேட்கும் பழைய திட்டம் அது. 2020 மார்ச்சில் உலகெங்கும் சாதாரண மக்கள் லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவர்களின் கணினிகள் சேர்ந்து நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்குகளைத் தாண்டின. அன்றைக்கு எந்தத் தனி சூப்பர் கம்ப்யூட்டரும் தொடாத வேகம். பயத்தோடு வீட்டுக்குள் இருந்தவர்கள் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள். கூர்முனைப் புரதம் எப்படித் திறந்து மூடுகிறது, வைரஸ் புரதங்களில் நிழற்படத்தில் தெரியாத மறைவுப் பள்ளங்கள் எங்கே திறக்கின்றன என்பதெல்லாம் அந்த உழைப்பில் தெரிந்தன.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு மருந்து கிடைத்ததா?

நெல்லை முறத்தில் புடைத்தால் பதர் பறக்கும். கல் பறக்காது. அது நெல்லின் எடையோடு, நெல்லுக்குப் பக்கத்திலேயே தங்கிவிடும். அதைக் கண்ணால் பார்த்துக் கையால்தான் பொறுக்க வேண்டும். கணினி செய்தது புடைக்கும் வேலை. எட்டாயிரத்தை 77 ஆக்கியது பெரிய உதவிதான். ஆனால் அந்த 77இல் எத்தனை கல் என்பதைக் கணினியால் சொல்ல முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு மருந்து இன்னொன்றைவிடப் பத்து மடங்கு இறுக்கமாகப் பற்ற, ஆற்றலில் ஒரு மோலுக்கு 1.4 கிலோ கலோரி வேறுபாடு போதும். டாக்கிங் மதிப்பெண்ணில் வரக்கூடிய பிழையோ இரண்டு கிலோ கலோரி, சில நேரம் அதற்கும் மேல். காய்கறித் தராசில் தங்கம் நிறுப்பது போன்ற நிலை இது. மதிப்பெண் 8 வாங்கிய மூலக்கூறுக்கும் 7 வாங்கிய மூலக்கூறுக்கும் நடுவே எது உண்மையில் மேல் என்று சொல்ல அந்தத் தராசால் இயலாது. பள்ளத்திலிருந்து தண்ணீரை வெளியேற்ற ஆகும் செலவையும், மருந்து தன் வளைவு நெளிவுகளை விட்டுக்கொடுத்து உட்காரும்போது இழப்பதையும் விரைவுக் கணக்குகள் தோராயமாகவே எடுத்துக்கொள்கின்றன. நீண்ட சிமுலேஷன் இந்தப் பிழையைக் குறைக்கும். ஆனால் ஆயிரக்கணக்கான மருந்துக்கு அதைச் செய்ய நேரமும் இயந்திரமும் வேண்டும்.

பற்றுவது வேறு, குணமாக்குவது வேறு என்பது அதைவிடப் பெரிய தடை. நிக்லோசமைடையே எடுத்துக்கொள்ளுங்கள். குடலில் இருக்கும் புழுவைக் கொல்ல அமைந்த மருந்து அது. குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகத்தான் போகும். நுரையீரலில் இருக்கும் வைரஸை அது எப்படி எட்டும்? இன்னொரு புழு மருந்தான ஐவர்மெக்டின் ஆய்வகக் கிண்ணத்தில் வைரஸை ஒடுக்கியது உண்மை. ஆனால் அங்கே பயன்படுத்திய செறிவு, வழக்கமான அளவில் மாத்திரை விழுங்கியவரின் ரத்தத்தில் கிடைப்பதைவிடப் பல பத்து மடங்கு. கணினியின் கற்பனைப் பெட்டிக்குள் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை.

எச்ஐவி மருந்தான லோபினாவிர் கதை இன்னும் தெளிவானது. அது எச்ஐவியின் கத்தரி நொதியை முடக்கும் நல்ல மருந்து. இதுவும் கத்தரிதானே என்று பலர் அதைப் பொருத்திப் பார்த்தார்கள். மதிப்பெண்ணும் நன்றாக வந்தது. ஆனால் எச்ஐவியின் கத்தரி ஆஸ்பார்ட்டிக் அமிலத்தால் வெட்டுவது, கொரோனாவின் கத்தரி கந்தகத்தால் வெட்டுவது. பள்ளத்தின் அமைப்பே வேறு. வூஹானில் 199 நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2020 மார்ச்சில் வந்தது. பலன் இல்லை. பிரிட்டனின் ரெக்கவரி சோதனையும் அதையே உறுதி செய்தது.

கிண்ணத்துச் செல்களே ஏமாற்றியதும் உண்டு. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின் குரங்குச் சிறுநீரகச் செல்களில் வைரஸைத் தடுத்தது, மனித நுரையீரல் செல்களில் தடுக்கவில்லை. வைரஸ் அங்கே வேறு வாசல் வழியாக நுழைகிறது. 2021இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு இன்னும் ஆழமாகத் தோண்டியது. மறுபயனுக்காகப் பரிந்துரைத்த பல மருந்துகள் வைரஸைத் தாக்கவே இல்லை. செல்லுக்குள் கொழுப்புப் பொருளைத் தேங்கவைத்து, செல்லையே நோகடித்து, அதனால் வைரஸும் தேங்குவதுபோல் காட்டியிருக்கின்றன. கல்லைப் பொறுக்குகிற கையும் சில நேரம் கல்லையே நெல் என்று எடுத்திருக்கிறது.

இதையெல்லாம் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தினமும் நம்பியிருந்த லூபஸ், முடக்குவாத நோயாளிகள் பல நாடுகளில் அது கிடைக்காமல் கடை கடையாக அலைந்தார்கள். மதிப்பெண் பட்டியல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வந்த டாக்கிங் கட்டுரைகளும் அந்த நாட்களில் குவிந்தன. கபசுரக் குடிநீரின் மூலிகைகளில் உள்ள மூலக்கூறுகளைப் பொருத்திப் பார்த்த ஆய்வுகளும் வந்தன. வாட்ஸ்அப்பில் அவை 'கணினி நிரூபித்துவிட்டது' என்று சுற்றின. சித்த மருத்துவத்தின் மீது மதிப்புள்ளவர்கள்தாம் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். குடிநீரைக் காய்ச்சிக் குடித்தால் அந்த மூலக்கூறு ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது, நோயாளி விரைவில் எழுகிறாரா என்பதை மனிதரிடம் முறையாகச் சோதித்துத்தான் சொல்ல முடியும். எந்த மாத்திரைக்கும் அதே விதிதான்.

பழைய மருந்துகள் உயிர் காக்கவே இல்லையா என்றால், காத்தன. டெக்சாமெத்தசோன் பல பத்தாண்டுகளாகக் கையில் இருக்கும் மலிவான ஸ்டீராய்டு. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் சாவை அது மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று 2020 ஜூனில் ரெக்கவரி சோதனை காட்டியது. எந்த டாக்கிங்கும் அதைக் கண்டுபிடித்திருக்காது. காரணம், அது வைரஸைத் தொடுவதே இல்லை. நம் உடலின் மிகையான அழற்சியைத் தணிக்கிறது. முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிப் கதையில் கணினிக்கு நேரான பங்கு உண்டு. பெனவலன்ட்ஏஐ நிறுவனம் மருத்துவக் கட்டுரைகளிலிருந்து மருந்து, புரதம், நோய் ஆகியவற்றின் உறவுகளைப் பெரிய வலையாகப் பின்னி வைத்திருந்தது. அந்த வலையில் தேடி, இந்த மருந்தைப் பரிந்துரைத்து லான்செட் இதழில் எழுதியபோது தேதி 2020 பிப்ரவரி 4. வைரஸ் நுழைவதையும் தடுக்கலாம், அழற்சியையும் தணிக்கலாம் என்று சொன்னார்கள். அமெரிக்காவில் அதே ஆண்டு நவம்பரிலும் இந்தியாவில் 2021 மே மாதத்திலும் அவசர அனுமதி கிடைத்தது. 8,156 பேரிடம் நடந்த ரெக்கவரி சோதனையில் சாவு 13 விழுக்காடு குறைந்தது. கணினி சொன்னதால் யாரும் அதை நம்பிவிடவில்லை. கணினி சொன்னதால் சோதிக்க முன்வந்தார்கள்.

கத்தரியின் பள்ளத்தை அடைக்கும் மருந்தும் வந்தது, ஆனால் பழைய மருந்தாக வரவில்லை. ஃபைசர் நிறுவனம் 2003இல் சார்ஸுக்காகத் தொடங்கி, சார்ஸ் அடங்கியதும் ஓரம் வைத்த ஒரு மூலக்கூறின் வழியில் போய் நிர்மாட்ரெல்விரைச் செய்தது. அது அந்த 145ஆம் சிஸ்டீனின் கந்தகத்தோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் செய்த என்சிட்ரெல்விரின் தொடக்கமோ கணினிச் சல்லடைதான். தங்கள் சேமிப்பில் இருந்த சேர்மங்களைக் கணினியில் வடிகட்டி, நின்றதை ஆய்வகத்தில் சோதித்து, கிடைத்த ஒன்றைச் செதுக்கிச் செதுக்கி மருந்தாக்கினார்கள். 2022 நவம்பரில் ஜப்பான் அதற்கு அவசர அனுமதி கொடுத்தது. சிமுலேஷனின் உண்மையான வெற்றி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்: புடைத்தவரும் பொறுக்கியவரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து செய்த வேலை.

நிர்மாட்ரெல்விர் மாத்திரையோடு கூடவே ரிட்டோனாவிர் என்ற இன்னொரு மாத்திரையும் கொடுக்கிறார்கள். லோபினாவிரோடு சேர்ந்து வூஹான் சோதனையில் தோற்ற அதே ரிட்டோனாவிர். அங்கே போலவே இங்கேயும் அது வைரஸோடு மோதுவதில்லை. கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியை அடக்கி, நிர்மாட்ரெல்விரை ரத்தத்தில் நீண்ட நேரம் நிற்கவைக்கிறது. பழைய மருந்துக்குப் புதிய நோயில் வேலை கிடைத்தது, தேடியவர்கள் எதிர்பார்த்த இடத்தில் அல்ல என்பது மட்டுமே வேறுபாடு.

அடுத்த கொரோனா வைரஸும் ஏறக்குறைய இதே கத்தரியோடுதான் வரும். அதற்குள் நம் கல்லூரிகளில் கணினியில் டாக்கிங் செய்யும் மாணவருக்கும், நொதியைக் குழாயில் எடுத்துச் சோதிக்கும் மாணவருக்கும் ஒரே மேசை கிடைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலோடு ஆய்வை முடித்துவிடாமல், முதல் பத்து மூலக்கூறுகளையாவது சோதித்துப் பார்க்க வழிகாட்டிகள் வற்புறுத்த வேண்டும்.

6எல்யு7 கோப்பு இன்றும் தரவு வங்கியில் இலவசமாக இருக்கிறது. கைபேசியிலேயே திறந்து, சுழற்றிப் பார்க்கலாம். வீட்டில் வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் காட்டுங்கள். 145ஆம் இடத்தைத் தேடச் சொல்லுங்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு கந்தக அணு தெரியும். அதைப் பற்றிக்கொண்டு என்3 மூலக்கூறு நிற்கும்.